உலகத்துக்கு நைட் டியூட்டி பார்ப்பவர்கள்

வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர்கள் யாரிடமாவது, அங்கே ஆஸ்பத்திரியில் படுத்திருந்த கதையைக் கேட்டுப் பாருங்கள். டாக்டர் எந்த நாட்டுக்காரர் என்பது மறந்திருக்கும். ஊசி போட்ட ‘பிலிப்பினி சிஸ்டர்’ மறந்திருக்க மாட்டார். வலிக்காமல் போட்டார், ராத்திரியில் அடிக்கடி வந்து பார்த்தார், நாம் பேசிய அரைகுறை ஆங்கிலத்தைப் புரிந்துகொண்டார், முகம் சுளிக்கவே இல்லை. ரியாத் போனவரும் இதையேதான் சொல்வார், சிங்கப்பூரில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவரும் இதையேதான் சொல்வார். கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்கள்: “அது அவங்க பிறவிக் குணம்.”

இந்தக் கட்டுரை அந்தக் கடைசி வரியோடு சண்டை போடுவதற்காக எழுதப்படுகிறது.

பிறவிக் குணம் என்பது கேட்பதற்குப் பாராட்டு. ஆனால், பிறவியிலேயே வந்துவிட்ட ஒன்றுக்கு யார் கூலி கொடுப்பார்கள்? படித்து, தேர்வெழுதி, ராப்பகலாக வார்டில் நின்று கற்றுக்கொண்ட தொழிலை ‘குணம்’ என்று சொல்லிவிட்டால் சம்பளப் பேச்சே எழாது. பிலிப்பினோ நர்ஸ்களின் நூறாண்டுக்கும் மேலான வரலாற்றை எடுத்துப் பார்த்தால், உலகம் அவர்களைப் புகழ்ந்ததும் ஏமாற்றியதும் பெரும்பாலும் இந்த ஒரே வாயால்தான்.

இலோய்லோவில் ஒரு பள்ளி

முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயினிடம் இருந்த பிலிப்பைன்ஸ் தீவுகள், 1898 போருக்குப் பிறகு அமெரிக்காவின் கைக்கு மாறின. 2 கோடி டாலருக்கு எழுதிக்கொடுத்த பாரிஸ் ஒப்பந்தம் அது. விடுதலைக்குப் போராடிக்கொண்டிருந்த பிலிப்பினோ மக்களை யாரும் கேட்கவில்லை. புதிய எஜமானர்கள் துப்பாக்கியோடு பள்ளிக்கூடங்களையும் கொண்டுவந்தார்கள். 1901-இல் அமெரிக்க ஆசிரியர்கள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். ஆங்கிலம் பாடமொழி ஆனது. மதப் பிரசாரகர்கள் ஆஸ்பத்திரிகள் கட்டினார்கள்.

அப்படித்தான் பனாய் தீவிலுள்ள இலோய்லோ நகரின் மிஷன் ஆஸ்பத்திரியில் 1906-இல் நாட்டின் முதல் நர்சிங் பள்ளி தொடங்கியது. அடுத்த ஆண்டே மணிலாவில் செயின்ட் லூக்ஸ் ஆஸ்பத்திரியும் தொடங்கிவிட்டது. தொடக்கத்தில் பெண்களைச் சேர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. யாரென்று தெரியாத நோயாளியின் உடம்பைத் துடைத்துவிடுவது வேலைக்காரர்கள் செய்கிற காரியம் என்பது வசதியான குடும்பங்களின் எண்ணம். இலோய்லோவின் முதல் அணியில் 1909-இல் படித்து முடித்து வெளியே வந்தவர்கள் மூன்றே பேர். (அதே 1909-இல்தான் நம் வேலூரில் ஐடா ஸ்கடர் நர்சிங் பள்ளியைத் தொடங்கினார். இரண்டு ஊரிலும் அமெரிக்க மிஷனரிகளின் கைதான்.) சேவை மனம் ரத்தத்திலேயே ஊறிய சமூகம் என்றால், முதல் அணி மூன்று பேரோடு நின்றிருக்காது.

படிப்பு அமெரிக்கப் பாடத்திட்டப்படி, ஆங்கிலத்தில், அமெரிக்க ஆஸ்பத்திரி நடைமுறைகளோடு நடந்தது. 1919-இல் நர்சிங்குக்கென்று தனிச் சட்டம் வந்தது. மணிலாவின் பெரிய அரசு ஆஸ்பத்திரியான பிலிப்பைன் ஜெனரலில், அதுவரை அமெரிக்கப் பெண்களே வகித்துவந்த தலைமை நர்ஸ் பதவிக்கு முதல் பிலிப்பினோவாக வந்தவர் அனஸ்தாசியா ஹிரோன் துபாஸ். 1922-இல் பிலிப்பினோ நர்ஸ்கள் சங்கத்தை நிறுவியவரும் அவர்தான். இரண்டாம் உலகப் போரில், பத்தான் காட்டுக்குள் மரத்தடியில் போட்ட கட்டில்களில் காயம்பட்ட சிப்பாய்களைப் பராமரித்த அமெரிக்க நர்ஸ்களை ‘பத்தான் தேவதைகள்’ என்று வரலாறு கொண்டாடுகிறது. அதே மரத்தடியில் அவர்களோடு நின்ற பிலிப்பினோ நர்ஸ்களுக்கு அந்த வரலாற்றில் அத்தனை இடம் கிடைக்கவில்லை.

இதையெல்லாம் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்க ஆஸ்பத்திரிக்குள் நேராக நுழைந்து வேலையைத் தொடங்கக்கூடிய நர்ஸ்கள், கடல்கடந்த ஒரு ஏழை நாட்டில் அரை நூற்றாண்டாகத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அவர்களை அழைக்க ஒரு வழிதான் வேண்டியிருந்தது.

பரிமாற்றம் என்ற பெயரில்

அந்த வழி 1948-இல் திறந்தது. சோவியத் பிரசாரத்துக்கு எதிராக உலக மக்களிடம் நல்லெண்ணம் வளர்க்க அமெரிக்கா ஒரு பரிமாற்றத் திட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டவர்கள் இரண்டு ஆண்டு அமெரிக்காவில் தங்கிப் படிக்கலாம், வேலை பழகலாம், பிறகு ஊர் திரும்பிவிட வேண்டும். ஆள் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்த அமெரிக்க ஆஸ்பத்திரிகள் இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. பயிற்சி என்று அழைத்து முழு நர்ஸின் வேலையை வாங்கலாம், உதவித்தொகை என்று கொடுத்து முழுச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கலாம். 1956-க்கும் 1969-க்கும் இடையே 11,000-க்கு மேற்பட்ட பிலிப்பினோ நர்ஸ்கள் இந்தத் திட்டத்தில் போனார்கள். மணிலாவின் டிராவல் ஏஜென்சிகள் ‘இப்போது பறங்கள், பிறகு கட்டுங்கள்’ என்று விளம்பரம் செய்தன.

இவர்களைப் பற்றி ஆழமாக ஆராய்ந்தவர் வரலாற்றாசிரியர் கேத்தரின் செனிசா சோய். 2003-இல் வெளிவந்த ‘எம்பயர் ஆஃப் கேர்’ நூல் அவருடையது. நர்ஸ்கள் தாமாகவே கிளம்பிப் போகவில்லை, ஒரு பேரரசு போட்ட பாதையில் போனார்கள் என்று ஆவணங்களோடு காட்டியது அது. அவர்களுக்கென்று ஆசைகளும் இருந்தன என்பதையும் அவர் மறைப்பதில்லை. நியூயார்க்கைப் பார்க்க வேண்டும், நல்ல கோட்டு வாங்க வேண்டும், அப்பாவின் கண்காணிப்பில் இல்லாமல் கொஞ்ச நாள் வாழ வேண்டும் என்ற ஆசை இருபது வயதுப் பெண்ணுக்கு இருக்கக்கூடாதா?

அப்படிப் போனவர்களில் ஒருவரை அமெரிக்கா மறக்கவே முடியாமல் போயிற்று. 1966 ஜூலை 14. சிகாகோவில் இளம் நர்ஸ்கள் தங்கியிருந்த வீட்டுக்குள் ரிச்சர்ட் ஸ்பெக் என்பவன் நள்ளிரவில் புகுந்து, அவர்களைக் கட்டிப்போட்டு, ஒவ்வொருவராக இழுத்துக்கொண்டுபோய்க் கொன்றான். இறந்தவர்கள் எட்டுப் பேர். அவர்களில் வேலன்டினா பாசியோன், மெர்லிதா கார்குல்யோ இருவரும் பரிமாற்றத் திட்டத்தில் வந்த பிலிப்பினோ நர்ஸ்கள். மூன்றாவதாக இருந்த கொராசோன் அமுராவ், கட்டப்பட்ட கைகளோடு உருண்டு ஒரு கட்டிலுக்கு அடியில் போய்விட்டார். விடியும்வரை மூச்சுக் காட்டவில்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரலில் பியோரியா நகரில் விசாரணை நடந்தது. அந்த ஆள் இங்கே இருக்கிறானா என்று அரசு வழக்கறிஞர் கேட்டதும், உருவத்தில் மிகச் சிறியவரான அமுராவ் சாட்சிக் கூண்டிலிருந்து எழுந்து நடந்துபோய், கிட்டத்தட்ட முகத்தைத் தொடும் அளவுக்கு விரலை நீட்டிக் காட்டினார். ஜூரிகள் 49 நிமிடத்தில் தீர்ப்போடு திரும்பினார்கள்.

இந்தச் சம்பவத்தில் என்னை உறுத்துவது இன்னொன்று. கொல்லப்பட்டவர்கள் ‘எட்டு நர்சிங் மாணவிகள்’ என்றுதான் செய்திகள் எழுதின. பிலிப்பினோ பெண்கள் மாணவிகள் இல்லை. ஊரிலேயே பட்டமும் உரிமமும் வாங்கிய முழு நர்ஸ்கள். செத்தபோதும் பயிற்சிக்கு வந்தவர்களாகத்தான் அவர்கள் எழுதப்பட்டார்கள்.

ஆன் ஆர்பர் வழக்கு

1965-இல் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் மாறியது. ஆசியர்களுக்கு இருந்த கெடுபிடி தளர்ந்தது, படித்த தொழிலாளர்களுக்கு முன்னுரிமை கிடைத்தது. இரண்டு ஆண்டில் திரும்ப வேண்டியவர்கள் இப்போது நிரந்தரமாகத் தங்கலாம். வந்தார்கள், தங்கினார்கள். 1970களில் அமெரிக்காவில் வேலையில்லாத் திண்டாட்டம் வந்தபோது, பார்வைகளும் மாறின.

மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பரில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது. 1975-இன் கோடையில் சில வாரங்களுக்குள் அங்கே நோயாளிகளுக்கு அடுத்தடுத்து மூச்சு நின்றது. முப்பத்தைந்து பேருக்கு ஐம்பது தடவைக்கு மேல். சிலர் இறந்தார்கள். அறுவை சிகிச்சையின்போது தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் பாவுலான் என்ற மருந்தை யாரோ சலைன் குழாய் வழியாக ஏற்றியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. எஃப்.பி.ஐ. வந்தது. கடைசியில் பிலிப்பினா நார்சிசோ, லியோனோரா பெரஸ் என்ற இரண்டு பிலிப்பினோ நர்ஸ்கள் மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர்கள் ஊசி போட்டதைக் கண்ணால் பார்த்த சாட்சி கிடையாது. எதற்காகச் செய்தார்கள் என்பதற்கும் காரணம் கிடையாது. அந்த நேரங்களில் டியூட்டியில் இருந்தார்கள், அவ்வளவுதான். நோயாளிக்கு மூச்சுத் திணறும்போது நர்ஸ் அருகில் இருப்பது சந்தேகத்துக்குரிய செயலா என்ன?

1977 ஜூலையில் ஜூரிகள் அவர்களைக் குற்றவாளிகள் என்றார்கள். நாடு முழுக்க பிலிப்பினோ அமெரிக்கர்கள் பணம் திரட்டினார்கள், ஊர்வலம் போனார்கள். அரசுத் தரப்பு நடந்துகொண்ட முறை சரியில்லை என்று சொல்லி அந்த ஆண்டு டிசம்பரில் நீதிபதி தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டார். 1978 பிப்ரவரியில் அரசே வழக்கைக் கைவிட்டது. உண்மையில் அந்த மருந்தை ஏற்றியது யார் என்பது நிரூபிக்கப்படாமலே போயிற்று.

‘கருணை முகம்’ எவ்வளவு சீக்கிரம் ‘மர்ம முகம்’ ஆகிவிடும் என்பதை அந்தத் தலைமுறை நர்ஸ்கள் இந்த வழக்கில் நேரில் பார்த்தார்கள். அதன்பின் அமெரிக்காவில் அவர்களுடைய சங்கங்கள் கூடிக் கும்மியடிக்கும் இடங்களாக மட்டும் இருக்கவில்லை. உரிமத் தேர்வு, விசா, பணிநீக்கம் என்று எதற்கும் வழக்கறிஞரோடு வந்து நிற்கப் பழகின. 1980களில் எய்ட்ஸ் பரவி, அந்த வார்டுக்குள் கால்வைக்க ஊழியர்களே அஞ்சிய நாட்களில், நியூயார்க்கிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் டியூட்டி பார்த்தவர்களில் பிலிப்பினோ நர்ஸ்கள் ஏராளம். தற்காலிக விசாவில் இருந்த நர்ஸ்கள் நிரந்தரமாகத் தங்கும் உரிமை பெற 1989-இல் அமெரிக்கா தனிச் சட்டமே போட்டது. பரிவினால் இல்லை, அவர்கள் போய்விட்டால் வார்டை மூட வேண்டியிருக்கும் என்பதால்.

ஏற்றுமதிச் சரக்கு

இதற்குள் மணிலாவில் ஃபெர்டினாண்ட் மார்கோஸின் ஆட்சி ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை அரசாங்கக் கொள்கையாக்கிவிட்டிருந்தது. 1974-இன் தொழிலாளர் சட்டம் அதற்கு அடித்தளம். எண்ணெய்ப் பணத்தில் ஆஸ்பத்திரிகள் கட்டிக்கொண்டிருந்த சவூதி அரேபியா வாசலில் நின்றது. மார்கோஸ் போனார், ஜனநாயகம் வந்தது, கொள்கை மட்டும் மாறவில்லை. வெளிநாட்டில் உழைப்பவர்களை ‘புதிய வீரர்கள்’ என்று அடுத்து வந்த அதிபர் கோரி அகினோ அழைத்தார். வீரர்கள் அனுப்பும் பணம் இன்று நாட்டின் முதுகெலும்பு. 2023-இல் வங்கிகள் வழியாக வந்தது மட்டும் 3,300 கோடி டாலருக்கு மேல். நர்ஸ்கள் அதில் ஒரு பங்கு.

நர்சிங் பள்ளிகள் பெருகின. 1970-இல் 140 இருந்தது, 2000களில் நானூறைத் தாண்டியது. வீட்டில் ஒரு பிள்ளை நர்சிங் முடித்தால் மற்றவர்கள் கரையேறலாம் என்பது நடுத்தரக் குடும்பத்தின் கணக்கு. ஆண்களும் கணிசமாகச் சேர்ந்தார்கள். உரிமத் தேர்வில் தேறியவரின் படத்தோடு வீட்டு வாசலில் பேனர் கட்டுவது அங்கே வழக்கம். நம் ஊரில் காதுகுத்துக்குக் கட்டுவதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தேர்வுக்கு எவ்வளவு மதிப்பு என்பது 2006-இல் தெரிந்தது. ஜூன் மாதம் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதிய தேர்வில் இரண்டு தாள்கள் முன்கூட்டியே கசிந்துவிட்டன. மணிலா அரசு எப்படியோ சமாளித்து முடிவை வெளியிட்டது. ஆனால், வெளிநாட்டு நர்ஸ்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் அமெரிக்க அமைப்பு, அந்த அணியில் தேறியவர்கள் கசிந்த தாள்களுக்குரிய பகுதிகளை மறுபடி எழுதாவிட்டால் விசா சான்று கிடையாது என்று சொல்லிவிட்டது. எந்தத் தவறும் செய்யாத ஆயிரக்கணக்கானவர்கள் 2007-இல் மறுபடி பரீட்சை எழுதினார்கள். பிலிப்பைன்ஸ் நர்ஸின் தகுதிக்கு யார் இறுதி நீதிபதி என்பதில் அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

கேட்டால் நம்பமாட்டீர்கள், டாக்டர்களே நர்சிங் படித்தார்கள். பகலில் நோயாளிகளைப் பார்த்துவிட்டு மாலையிலும் வார இறுதியிலும் நர்சிங் வகுப்புக்குப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். நாட்டின் மருத்துவர் உரிமத் தேர்வில் 2004-இல் முதலிடம் பிடித்தவர் எல்மர் ஹசிந்தோ. தெற்கே பாசிலான் தீவிலிருந்து வந்த இளைஞர். அமெரிக்காவுக்கு நர்ஸாகப் போகப்போகிறேன் என்று அவர் அறிவித்ததும் நாடே கொதித்தது. துரோகி என்றுகூடச் சொன்னார்கள். ஊரில் ஒரு டாக்டருக்குக் கிடைக்கும் சம்பளம் என்ன என்று கேட்டவர்கள் குறைவு.

ஹசிந்தோவின் கதை அங்கேயும் முடியவில்லை. நியூயார்க் பகுதியில் முதியோர் பராமரிப்பு இல்லங்களை நடத்தும் ஒரு குழுமத்துக்காக அவரையும் இன்னும் பல பிலிப்பினோ நர்ஸ்களையும் ஏஜென்சி மூலம் அழைத்துப்போனார்கள். சொன்ன சம்பளம் வேறு, கொடுத்தது வேறு, வேலை நிலைமைகள் வேறு என்று அவர்கள் புகார் சொன்னார்கள். 2006 ஏப்ரலில் சட்ட ஆலோசனை பெற்று, தங்கள் ஷிப்ட் முடிந்தபிறகு, பலர் ஒரே நேரத்தில் ராஜினாமா செய்தார்கள். எந்த நோயாளிக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனாலும் 2007-இல் அவர்களில் பத்து நர்ஸ்கள் மீதும், ஆலோசனை சொன்ன வழக்கறிஞர் மீதும் கிரிமினல் வழக்குப் பாய்ந்தது. நோயாளிகளின் உயிருக்கு ஆபத்து விளைவித்தார்களாம்! பத்துப் பேரில் ஹசிந்தோவும் ஒருவர்.

2009 ஜனவரியில் நியூயார்க்கின் மேல்முறையீட்டு நீதிமன்றம் இந்த வழக்கை நடத்தவே கூடாது என்று தடுத்தது. அதற்கு நீதிபதிகள் எடுத்துக்காட்டியது அமெரிக்க அரசியல் சட்டத்தின் 13-ஆவது திருத்தத்தை. அடிமை முறையை ஒழித்த திருத்தம் அது. வேலையை விட்டதற்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்புவது கட்டாய உழைப்புக்குச் சமம் என்றார்கள். நர்ஸ்கள் அதோடு விடவில்லை. அதே வட்டாரத்து முதியோர் இல்லங்களில் வேலை பார்த்த நர்ஸ்கள் பின்னாளில் தொடுத்த இன்னொரு வழக்கில், ஒப்பந்தம் முடிவதற்குள் விலகினால் 25,000 டாலர் வரை அபராதம் என்ற நிபந்தனை ஆட்கடத்தல் தடுப்புச் சட்டத்துக்கே விரோதமானது என்று 2019-இல் புரூக்ளின் ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ‘வேலையை விட்டால் இத்தனை லட்சம் கட்டு’ என்ற பாண்டு பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கும் எந்த நாட்டு நர்ஸுக்கும் இந்தத் தீர்ப்பு படித்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று. பிலிப்பினோ நர்ஸ்களின் சாதனைப் பட்டியல் போடுகிறவர்கள் இதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். என் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம்.

கலிபோர்னியாவையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். ஒரு நர்ஸுக்கு இத்தனை நோயாளிகளுக்கு மேல் கொடுக்கக்கூடாது, ஐ.சி.யூ.வில் இரண்டு பேருக்கு மேல் கூடவே கூடாது என்று சட்டம் போட்ட முதல் அமெரிக்க மாநிலம் அது. 1999-இல் சட்டம், 2004 முதல் அமல். அதற்காகப் போராடிய கலிபோர்னியா நர்ஸ்கள் சங்கத்தின் தலைவர்களில் ஒருவராகப் பின்னர் வந்தவர் பிலிப்பைன்ஸில் பிறந்த ஸெனெய் கோர்டெஸ். அந்த மாநிலத்தின் நர்ஸ்களில் ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவானவர்கள் பிலிப்பினோக்கள்.

ஒரு ஊசி, ஒரு பேரம்

2020 டிசம்பர் 8, காலை 6:31. இங்கிலாந்தின் கவென்ட்ரி பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் 90 வயது மார்கரெட் கீனனுக்குக் கோவிட் தடுப்பூசி போடப்பட்டது. சோதனைக் கட்டம் தாண்டி உலகில் ஃபைசர் தடுப்பூசி போட்டுக்கொண்ட முதல் ஆள் அவர். போட்டவர் மே பார்சன்ஸ், பிலிப்பைன்ஸில் பிறந்து பிரிட்டிஷ் பொதுச் சுகாதார சேவையில் இருபதாண்டுக்கு மேல் வேலை பார்த்தவர். அந்த சேவைக்கு ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கப்பட்டபோது, 2022 ஜூலையில் விண்ட்சர் கோட்டையில் ராணி எலிசபெத்திடம் அதைப் பெற்றுக்கொள்ளப் போன பிரதிநிதிகளில் அவரும் ஒருவர். பிரிட்டிஷ் சேவையில் பிரிட்டிஷாருக்கும் இந்தியர்களுக்கும் அடுத்த பெரிய கூட்டம் பிலிப்பினோக்கள்தான். நம் ஊர் நர்ஸ்கள் லண்டனிலும் லீட்ஸிலும் பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொள்ளும் சக ஊழியர்களாக அவர்களைத் தினமும் சந்திக்கிறார்கள்.

அந்த ஊசி போடப்பட்ட சில வாரங்களில், 2021 பிப்ரவரியில், மணிலா தொழிலாளர் துறையிலிருந்து ஒரு யோசனை வந்தது. பிரிட்டனும் ஜெர்மனியும் தடுப்பூசி கொடுத்தால், நர்ஸ்களை அனுப்புவதற்கு விதித்திருந்த உச்சவரம்பைத் தளர்த்தத் தயார். அந்த முதல் ஊசியைப் போட்டவர் பிறந்த நாட்டில் நர்ஸ்களுக்குப் போடத் தடுப்பூசி இல்லை. பிரிட்டன் மறுத்துவிட்டது. நர்ஸ்கள் சங்கங்களோ, எங்களைப் பண்டமாற்றுச் சரக்காக்கிவிட்டீர்கள் என்று கொதித்தன.

உச்சவரம்பு வந்ததும் ஒரு தனிக்கதை. 2020 ஏப்ரலில் பெருந்தொற்றுக்கு உள்ளூரிலேயே ஆள் வேண்டும் என்று சொல்லி, நர்ஸ்கள் வெளிநாட்டு வேலைக்குப் போக அரசு தடை போட்டது. டிக்கெட் கையில், பெட்டி கட்டியாயிற்று, கடனும் வாங்கியாயிற்று, போக முடியாது. அவர்கள் தங்களைக் ‘கைதி நர்ஸ்கள்’ என்று சொல்லிக்கொண்டார்கள். நவம்பரில் தடை விலகி, ஆண்டுக்கு 5,000 பேர் போகலாம் என்று ஆனது. பிறகு அந்த எண்ணை மெல்ல மெல்லக் கூட்டினார்கள். நாட்டுக்காக இருங்கள் என்று கேட்பதில் தவறில்லை. ஆனால் 2002-இலேயே சட்டம் போட்டு நிர்ணயித்த அரசு நர்ஸ் சம்பளத்தைப் பதினெட்டு ஆண்டு கொடுக்காமல் இழுத்தடித்த அரசு அதைக் கேட்டது. உச்ச நீதிமன்றம் 2019-இல் சட்டம் செல்லும் என்று சொன்ன பிறகுதான், 2020-இல் அரசு ஆஸ்பத்திரி நர்ஸின் தொடக்கச் சம்பளம் 30,000 பெசோவைத் தாண்டியது. தனியார் ஆஸ்பத்திரிகளுக்கு அதுவும் பொருந்தாது. அதற்குப் பத்தாண்டு முன்புவரை, வெளிநாடு போகத் தேவையான அனுபவச் சான்றுக்காக நர்ஸ்கள் ஆஸ்பத்திரிக்குத் தாங்களே பணம் கட்டி வேலை பார்த்த கொடுமையும் அங்கே இருந்தது. ‘தன்னார்வ நர்ஸ்’ என்று அதற்குப் பெயர் வேறு.

அமெரிக்காவில் அதே 2020 செப்டம்பரில் தேசிய நர்ஸ்கள் சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதுவரை கோவிட்டில் இறந்த பதிவு பெற்ற நர்ஸ்கள் 213 பேர். அவர்களில் 67 பேர் பிலிப்பினோக்கள். நாட்டின் நர்ஸ்களில் அவர்கள் நூற்றுக்கு நான்கு பேர், மரணத்தில் நூற்றுக்கு முப்பத்தொன்றுக்கு மேல்.

காரணத்தை ரத்தத்தில் தேட வேண்டியதில்லை. பிலிப்பினோ நர்ஸ்கள் கூடுதலாக இருப்பது ஐ.சி.யூ.விலும் உள்நோயாளி வார்டுகளிலும், அதாவது நோயாளியின் மூச்சு படும் தூரத்தில். ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், தம்பி படிக்கிறான், அம்மாவுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று கூடுதல் ஷிப்ட் கேட்டு வாங்குபவர்கள். மாஸ்க் இல்லையென்றால் உரக்கச் சொல்லத் தயங்கும் பழக்கம், விசாவும் வேலையும் ஒரே கயிற்றில் தொங்கியபோது வந்தது. ‘முகம் சுளிக்க மாட்டார்கள்’ என்று நாம் பாராட்டுகிறோமே, அதற்கு அவர்கள் கொடுத்த விலை இந்த 67-இல் இருக்கிறது.

கஞ்சி எழுத்தும் ஜெர்மன் இலக்கணமும்

அவர்களின் தொழில் திறமைக்கு எனக்குத் தெரிந்து மிகக் கடுமையான சோதனை வைத்தது ஜப்பான். இரு நாட்டுப் பொருளாதார ஒப்பந்தத்தின்படி 2009-இல் முதல் அணி பிலிப்பினோ நர்ஸ்கள் அங்கே போய் இறங்கினார்கள். ஊரில் உரிமம் பெற்று வார்டு பார்த்தவர்கள், ஜப்பானில் உதவியாளர்களாக வேலை செய்துகொண்டே ஜப்பானிய மொழியில், ‘கஞ்சி’ எனப்படும் சீன வழி எழுத்தில், அந்நாட்டு நர்ஸ்கள் எழுதும் அதே தேர்வை எழுத வேண்டும். 2010-இல் இந்தோனேசியர்களும் பிலிப்பினோக்களுமாக 254 பேர் எழுதினார்கள். தேறியவர்கள் மூன்று பேர். அதில் பிலிப்பினோ ஒருவர். படுக்கைப் புண் என்பதற்கு ஜப்பானியர்களே திணறும் எழுத்துகளை வைத்துக்கொண்டு ஒரு நர்ஸின் திறமையை எப்படி அளப்பது என்ற விவாதம் எழுந்தது. பின்னர் கடின எழுத்துகளுக்கு உச்சரிப்பும், நோய்ப் பெயர்களுக்கு ஆங்கிலமும் வினாத்தாளில் சேர்ந்தன. ஜெர்மனி 2013-இல் ஒப்பந்தம் போட்டது. மணிலாவில் நைட் டியூட்டி முடித்துவிட்டுக் காலையில் ஜெர்மன் இலக்கணம் படிக்கும் ஒரு தலைமுறையே உருவாகிவிட்டது. தாய்மொழி ஒன்று, பள்ளியில் தகாலோகும் ஆங்கிலமும், பிறகு அரபியோ ஜெர்மனோ ஜப்பானியமோ. இதற்குப் பெயர் பிறவிக் குணமா, படிப்பா?

ஊரிலேயே இருந்து சாதித்தவர்களும் உண்டு, அவர்களை உலகம் கொஞ்சம் தாமதமாகவே கவனித்தது. கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் ஆசாத் மூப்பனின் ஆஸ்டர் நிறுவனம் ஆண்டுதோறும் உலக அளவில் ஒரு நர்ஸுக்கு 2.5 லட்சம் டாலர் பரிசு தருகிறது. 2024-இல் பெங்களூரில் அதைப் பெற்றவர் பிலிப்பைன்ஸ் ராணுவ நர்ஸ் மரியா விக்டோரியா ஹுவான். காயம்பட்டவர்களை விமானத்தில் கொண்டுபோகும்போது எப்படிப் பராமரிப்பது என்ற பயிற்சியைத் தன் நாட்டு ராணுவத்தில் உருவாக்கியவர். ஆயிரக்கணக்கான தீவுகள் கொண்ட, ஆண்டுதோறும் புயல் அடிக்கும் ஒரு நாட்டில் அது எவ்வளவு பெரிய வேலை என்று விளக்க வேண்டியதில்லை.

அந்தத் தீவுகளில்தான் இப்போது பஞ்சம். 1960-க்குப் பிறகு அமெரிக்காவுக்கு மட்டும் 1,50,000-க்கு மேற்பட்ட நர்ஸ்களை அனுப்பிய நாட்டில், 2023 ஜூனில் புதிதாகப் பதவியேற்ற சுகாதாரத் துறைச் செயலர் தியோடோரோ ஹெர்போசா, அரசு ஆஸ்பத்திரிகளில் ஆயிரக்கணக்கான நர்ஸ் இடங்கள் காலியாகக் கிடப்பதைக் காட்டி ஒரு யோசனை சொன்னார். உரிமத் தேர்வில் தேற 75 மதிப்பெண் வேண்டும், 70 முதல் 74 வரை வாங்கித் தோற்றவர்களுக்குத் தற்காலிக உரிமம் கொடுத்து வேலைக்கு எடுத்துக்கொள்ளலாமே என்றார். நர்ஸ்கள் சங்கங்கள் எதிர்த்தன. சட்டத்தில் அதற்கு இடமில்லை என்று தேர்வு நடத்தும் ஆணையமும் சொன்னது. அதே ஆண்டு பிப்ரவரியில் கனடாவின் மனிடோபா மாகாண அரசு தன் அதிகாரிகளைப் பிலிப்பைன்ஸுக்கே அனுப்பி, அங்கேயே நேர்காணல் நடத்தி, நூற்றுக்கணக்கானவர்களுக்கு வேலைக் கடிதம் கொடுத்துவிட்டுப் போயிருந்தது. தேர்வில் தேறி, வார்டிலும் அனுபவம் உள்ளவர்களுக்கு.